ஒரே பாட்டர்சன், இரண்டு தோல்விகள்: ஒன்றிலிருந்து மீண்டார், மற்றதிலிருந்து ஏன் முடியவில்லை?

இடதுகைக்காரன் (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். குத்துச்சண்டை வீரர் ஃப்ளாய்ட் பாட்டர்சனோட பழைய சண்டைகளை வரிசையா பார்த்துட்டு வர்றேன். ஒரு விஷயம் மட்டும் பிடிபடல.

1959 ஜூன் 26, நியூயார்க் யாங்கி ஸ்டேடியம். ஸ்வீடன்காரர் இங்கமார் யோஹான்சன் மூணாவது ரவுண்டுல அவரை ஏழு தடவை கீழே தள்ளுறார். ஹெவிவெயிட் பட்டம் போச்சு. அதுக்கப்புறம் பாட்டர்சன் வாரக்கணக்கா வீட்டுக்குள்ளேயே அடைஞ்சு கிடந்திருக்கார். ஆனா அடுத்த வருஷம் ஜூன் 20-ல அதே யோஹான்சனை அஞ்சாவது ரவுண்டுல இடது ஹூக்கால (வளைச்சு விடற குத்து) மல்லாக்க சாய்ச்சுட்டார். இழந்த ஹெவிவெயிட் பட்டத்தை திரும்ப வாங்கின முதல் ஆள் அவர்தான்.

அப்புறம் 1962 செப்டம்பர் 25, சிகாகோ. சோனி லிஸ்டன் 2 நிமிஷம் 6 வினாடியில முடிச்சுட்டார். பாட்டர்சன் ஒட்டுத்தாடியும் மீசையும் வெச்சு முகத்தை மறைச்சுக்கிட்டு வெளியேறினார். அதே வேஷத்தோட ஸ்பெயினுக்கும் போயிட்டு வந்தார். பத்து மாசம் கழிச்சு 1963 ஜூலை 22-ல லாஸ் வேகஸ்ல மறுபடி லிஸ்டன். இந்தத் தடவை 2 நிமிஷம் 10 வினாடி. மொத்தத்துல நாலு வினாடி முன்னேற்றம்.

ஏழு தடவை விழுந்தப்போ மீண்டவர், ஒரே தடவை விழுந்தப்போ ஏன் மீளல? மன உறுதி குறைஞ்சு போச்சுன்னு ஒரு வரியில சொல்லாம விளக்க முடியுமா?

இன்னொண்ணு, கொஞ்சம் நடைமுறைக் கேள்வி. மாநிலப் போட்டி, பல்கலைக்கழகப் போட்டி மட்டத்துல 19, 20 வயசுப் பையன் முதல் ரவுண்டுலயே விழுந்துட்டு, அப்புறம் ஜிம் பக்கமே வராம போறது சாதாரணமா நடக்குது. அப்படி ஒருத்தனை மாஸ்டர் எப்படித் திரும்ப ரிங்குக்குக் கொண்டு வரணும்? "தைரியமா இரு" அப்படிங்கிறதைத் தாண்டி ஏதாவது இருந்தா சொல்லுங்க.

ஸ்டூலும்_வாளியும்

நல்ல கேள்வி தம்பி. முதல்ல அந்த ரெண்டு தோல்வியும் ஒரே ஜாதி இல்லைன்னு பிரிச்சுக்கணும்.

யோஹான்சன்கிட்ட ஒரே ஒரு ஆயுதம்தான். அந்த வலது கை. பத்திரிகைக்காரங்க அதுக்கு "இங்கோஸ் பிங்கோ"ன்னு செல்லப்பேர் வெச்சிருந்தாங்க. இடது கையை முகத்துக்கு முன்னால ஆட்டிக்கிட்டே தூரம் அளப்பார். வலதை மறைச்சே வெச்சிருப்பார். முதல் ரெண்டு ரவுண்டு ஒண்ணுமே நடக்கல, கூட்டம் கொட்டாவி விட்டிருக்கும். மூணாவதுல அது வந்துச்சு.

பாட்டர்சன் நின்ன விதத்தையும் பாருங்க. ட்ரெய்னர் கஸ் டமாட்டோ கத்துக்கொடுத்த "பீக்-அ-பூ". ரெண்டு கிளவுஸும் கன்னத்தோட ஒட்டி இருக்கும், தோள் எதிராளிக்கு நேரா இருக்கும், அங்கிருந்து பாய்ஞ்சு அடிக்கணும். பாயற அந்த நொடியில கால் ரெண்டும் தரையை விட்டுப் போகுது. அப்போ நேர்கோட்டுல ஒரு வலது கை வந்தா தாங்கறதுக்கு அடியில ஒண்ணும் கிடையாது. ஆக, இந்தத் தோல்விக்குக் காரணம் எதுன்னு விரலை வெச்சுக் காட்ட முடியும். காட்ட முடிஞ்சா வேலை செய்யலாம். அடுத்த சண்டைக்கு அவர் 182-ல இருந்து 190 பவுண்டுக்கு எடை ஏத்திக்கிட்டு வந்தார். தலையை நடுக்கோட்டுல நிறுத்தல, ஜாபை (முன்கையால விடற நேர் குத்து) முன்னால விட்டார், பாய்ச்சலுக்கு நேரம் பார்த்தார். ஓட்டை முழுசா அடைஞ்சிடுச்சான்னா, இல்லை. 1961 மார்ச்ல மயாமி பீச்ல மூணாவது தடவை மோதினப்போ முதல் ரவுண்டுலயே ரெண்டு தடவை விழுந்தார். ஆனா எழுந்து, யோஹான்சனையும் அதே ரவுண்டுல ஒரு தடவை தள்ளி, ஆறாவதுல முடிச்சார். ஒருதடவை விழுந்தா என்ன ஆகும்னு தெரிஞ்சவர் அப்படித்தான் எழுவார்.

லிஸ்டன் வேற கதை. கை நீளம் 84 அங்குலம், பாட்டர்சனுக்கு 71. எடை ஏறக்குறைய 25 பவுண்டு அதிகம். அதுல "இந்தத் தப்பைத் திருத்தினா போதும்"னு காட்ட என்ன இருக்கு? 13 அங்குலத்தை எந்த ஜிம்மில வளர்க்கிறது? டமாட்டோவே அந்தச் சண்டை வேண்டாம்னுதான் இழுத்தடிச்சுக்கிட்டு இருந்தார். பாட்டர்சன்தான், சாம்பியன்னா முதல் இடத்துல இருக்கிற சவாலைத் தட்டக்கூடாதுன்னு ஒத்துக்கிட்டார். நல்லவர் கெட்டவரை ஜெயிக்கணும்னு நாடே அவர் தலையில ஒரு மூட்டையை ஏத்தி வெச்சுது, ஜனாதிபதி கென்னடி உட்பட. அந்தச் சுமையோட உள்ளே போறவனுக்குத் தோத்தா எங்கே முகத்தை வெச்சுக்கிறதுன்னு முன்னாடியே ஒரு யோசனை ஓடும்.

அந்த ஒட்டுத்தாடியை அவர் தோத்த பிறகு கடைக்குப் போய் வாங்கல. சண்டைக்கு முன்னாடியே பையில வெச்சிருந்தார். உங்க கேள்விக்குப் பாதிப் பதில் அந்தப் பையில இருக்கு.

மருந்துப்பெட்டி

மேலே சொன்னதில் ஒரு பக்கம் விடுபட்டிருக்கிறது. குத்துச்சண்டைத் தோல்வியை மற்ற விளையாட்டுத் தோல்வியோடு ஒப்பிடவே முடியாததற்குக் காரணம், துக்கப்பட வேண்டிய உறுப்பே அடிபட்டிருக்கிறது என்பதுதான். கிரிக்கெட்டில் இறுதி ஓவரில் ஆட்டத்தைக் கோட்டை விட்டவருக்கு மனம்தான் வலிக்கும். நாக்அவுட் ஆனவருக்கு மனமும் வலிக்கும், மூளைக்கும் கன்கஷன், அதாவது அதிர்ச்சிக் காயம். இரண்டின் அறிகுறிகளும் ஏறக்குறைய ஒன்றுதான்: தூக்கம் கெடுவது, எரிச்சல், எதிலும் மனம் ஒட்டாமை, காரணமில்லாத அழுகை, வெளிச்சமும் சத்தமும் பிடிக்காமல் இருட்டறையில் கிடப்பது. பையன் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை என்றால் "வெட்கப்படுகிறான்" என்று எல்லாரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். தலைவலியால் வெயிலைப் பார்க்க முடியாமலும் கிடக்கலாம்.

1959 சண்டையின் படத்தை இன்னொரு தடவை பாருங்கள். முதல் தடவை விழுந்து எழுந்ததும் பாட்டர்சன் யோஹான்சனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒதுங்கி நடக்கிறார். தான்தான் எதிராளியை வீழ்த்தியதாக நினைத்து நியூட்ரல் கார்னருக்கு (வீழ்த்தியவர் ஒதுங்கி நிற்க வேண்டிய மூலை) போகிறார்! யோஹான்சன் பின்னால் வந்து அடிக்கிறார். இன்றைக்கு ஒரு ரெஃப்ரி அதைப் பார்த்தால் அந்த நொடியே நிறுத்த வேண்டும். அதற்குப் பிறகும் ஆறு தடவை விழ விட்டார்கள்.

ஆகவே மாஸ்டர் செய்ய வேண்டிய முதல் வேலை மனதைத் தேற்றுவது அல்ல, கீழே உள்ளதைக் கவனிப்பது.

முதல் 48 மணி நேரம்: தலைவலி ஏறிக்கொண்டே போவது, திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பினால் எழாத மயக்கம், பேச்சு குழறுவது, ஒரு கண்மணி மட்டும் பெரிதாகத் தெரிவது, ஒரு பக்கக் கை கால் வலுவிழப்பது, வலிப்பு. இதில் ஒன்று இருந்தாலும் சி.டி. ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே போக வேண்டும். மண்டைக்குள் ரத்தக்கசிவு மெதுவாகவும் நடக்கும்; ரிங்கிலிருந்து தானே நடந்து இறங்கியவர் அன்று இரவே மோசமாகலாம். அன்று தனியாகப் படுக்க விடாதீர்கள். மது கூடாது. தூக்க மாத்திரை கூடாது. வலிக்குப் பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் வேண்டாம்.

அதற்குப் பிறகு: பழைய காலத்தில் சொன்னதுபோல் வாரக்கணக்கில் இருட்டறையில் படுக்க வைப்பது இப்போது வழக்கத்தில் இல்லை. ஒன்றிரண்டு நாள் ஓய்வு, பிறகு நடை, பிறகு தலைவலியை அதிகமாக்காத அளவுக்கு லேசான சைக்கிள். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணி நேரம். வயது வந்தவர்களில் பெரும்பாலோருக்கு இரண்டு வாரத்துக்குள் அறிகுறிகள் அடங்கும். நான்கு வாரம் தாண்டியும் இருந்தால் நரம்பியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

அமெச்சூர் விதிகளில் நீண்ட காலமாக இருந்துவரும் கணக்கு எளிமையானது. தலையில் பட்ட அடியால் ஒரு தடவை தோற்றால் குறைந்தது 30 நாள் சண்டையும் இல்லை, ஸ்பாரிங்கும் (பயிற்சிச் சண்டை) இல்லை. மூன்று மாதத்துக்குள் இரண்டு தடவை என்றால் 90 நாள். ஓராண்டுக்குள் மூன்று தடவை என்றால் ஓராண்டு. நினைவு தவறியிருந்தால் இன்னும் கூடும். சண்டை நிறுத்தப்பட்டதைப் பார்த்து வைக்கும் இந்தத் தடையை மாஸ்டர்கள் "சண்டைக்குத்தான் தடை, ஜிம்மில் ஸ்பாரிங் போடலாம்" என்று வாசிப்பது நம்மூரில் அதிகம். மூளைக்கு அது ஜிம்மா ஸ்டேடியமா என்று தெரியாது.

ஹெட்கார்டு போட்டால் போதுமே என்பவர்களுக்கு: அது வெட்டுக்காயத்தைக் குறைக்கும். மூளை மண்டைக்குள் ஆடுவதை அது நிறுத்தாது. 2013-இல் ஆண்கள் எலைட் பிரிவில் அதை எடுத்தேவிட்டார்கள். 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் வெறும் தலையோடுதான் ஆடினார்கள்.

பத்து_எண்ணிக்கை

ஸ்டூல் அண்ணனோட கருத்துல பாதிக்கு எனக்கு மறுப்பு இருக்கு. "காரணத்தை விரல் வெச்சுக் காட்ட முடிஞ்சா மீளலாம்" - கேட்க நல்லா இருக்கு. ஆனா தோத்தவங்க முதல்ல தேடறது காரணத்தை இல்லை, சாக்கை. அது எப்பவும் கெட்டதுன்னும் சொல்ல முடியாது.

ஜார்ஜ் ஃபோர்மன். 1974 அக்டோபர் 30, கின்ஷாசா, எட்டாவது ரவுண்டுல முகமது அலிகிட்ட விழுந்தார். கயிறு தளர்வா இருந்துச்சு, கவுண்ட் வேகமா எண்ணினாங்க, தண்ணியில எதையோ கலந்துட்டாங்கன்னு வருஷக்கணக்கா சொல்லிட்டு இருந்தார். 1975 ஏப்ரல்ல டொராண்டோவுல ஒரே நாள்ல அஞ்சு பேரோட அடுத்தடுத்து சண்டை போட்டார். அதைச் சர்க்கஸ்னுதான் சொல்லணும். ஒருத்தன்கிட்ட தோத்த வலியை அஞ்சு பேரை அடிச்சு ஆத்திக்கப் பார்த்தார். முறையான சண்டைக்குத் திரும்பினது 1976 ஜனவரி, ரான் லைல் கூட. ஜெயிச்சார், ஆனா ரெண்டு தடவை விழுந்த பிறகு. 1977 மார்ச்ல ஜிம்மி யங்கிட்ட தோத்து, டிரெஸ்ஸிங் ரூம்ல ஒரு மத அனுபவம் வந்து, சண்டையையே விட்டுட்டு போதகர் ஆயிட்டார். பத்து வருஷம்.

1987-ல திரும்பி வந்தவர் வேற ஆள். சிரிக்கிறார், தன் தொப்பையைத் தானே கிண்டல் பண்ணிக்கிறார். 1994 நவம்பர் 5-ல மைக்கேல் மூரரைப் பத்தாவது ரவுண்டுல வீழ்த்தி 45 வயசுல பட்டம் வாங்கினப்போ, கின்ஷாசாவுல போட்டிருந்த அதே சிவப்பு டிரவுசரைத்தான் போட்டிருந்தார். இருபது வருஷம் அதைத் தூக்கிப் போடாம வெச்சிருந்திருக்கார் மனுஷன்.

டியாண்டே வைல்டர் இதுக்கு நேர் எதிர். 2020 பிப்ரவரியில டைசன் ஃப்யூரி ஏழாவது ரவுண்டுல நிறுத்தினப்போ, ரிங்குக்கு நடந்து வந்த உடுப்பு 40 பவுண்டுக்கு மேல, அதுலயே கால் செத்துப்போச்சுன்னார். அவரைக் காப்பாத்த டவல் வீசி சண்டையை நிறுத்த வெச்ச ட்ரெய்னர் மார்க் பிரிலாண்டை வேலையை விட்டு எடுத்தார். ஃப்யூரி கூட மூணாவது சண்டையில பதினொண்ணாவது ரவுண்டு வரைக்கும் வீரமா நின்னார், அதை மறுக்க முடியாது. ஆனா 2023 டிசம்பர்ல ஜோசப் பார்க்கர் கூட ஆடினதைப் பாருங்க. உலகத்துலயே பயங்கரமான வலது கை. அதை விடவே மாட்டேங்கிறார். கை கிளம்புது, பாதியில நிக்குது. ஆங்கிலத்துல இதை "கன்-ஷை"ம்பாங்க. நம்ம ஊர்ல "சூடு கண்ட பூனை".

மீண்டதுக்கு நல்ல உதாரணம் வேணும்னா விளாடிமிர் கிளிட்ச்கோ. 2003 மார்ச்ல கோரி சாண்டர்ஸ்கிட்ட ரெண்டாவது ரவுண்டுல, 2004 ஏப்ரல்ல லேமன் ப்ரூஸ்டர்கிட்ட அஞ்சாவதுல காலி. கண்ணாடித் தாடைன்னு எழுதித் தள்ளினாங்க. ட்ரெய்னர் இமானுவேல் ஸ்டூவர்ட் அவருக்குப் பயத்தைப் போக்கல. அந்தப் பயத்தை வெச்சே ஒரு பாணி கட்டினார்: நீளமான ஜாப், எப்பவும் தூரம், எதிராளி உள்ளே வந்தா உடனே கட்டிப்பிடிச்சு மேல சாய்ஞ்சிடறது. பார்க்க அலுப்பு. 2005-ல சாமுவேல் பீட்டர் மூணு தடவை தள்ளியும் புள்ளியில ஜெயிச்சார். 2015 நவம்பர் வரைக்கும் யாராலயும் அவரைத் தோற்கடிக்க முடியல.

லெனக்ஸ் லூயிஸ் இன்னும் சாமர்த்தியம். 1994-ல ஆலிவர் மெக்கால் ரெண்டாவது ரவுண்டுல வீழ்த்தினதும், மெக்காலோட கார்னர்ல உட்கார்ந்திருந்த அதே ஸ்டூவர்ட்டைத் தன் ட்ரெய்னரா எடுத்துக்கிட்டார். தன்னை எப்படி வீழ்த்தணும்னு திட்டம் போட்ட ஆளைத்தானே முதல்ல கேட்கணும்? 1997 பிப்ரவரியில மறுபடி மோதினப்போ உடைஞ்சு போனது மெக்கால்தான். ரிங்குக்குள்ள அழுதுக்கிட்டே கையைத் தொங்கப்போட்டு நடந்தார், அஞ்சாவது ரவுண்டுல ரெஃப்ரி மில்ஸ் லேன் நிறுத்தினார். ஜெயிச்சவன் மனசு மட்டும் கல்லா என்ன. மெக்காலுக்குப் போதைப் பழக்கத்தோட நெடுநாள் போராட்டம் இருந்தது.

ஸ்டூலும்_வாளியும்

@பத்து_எண்ணிக்கை சாக்கு பத்தி நீங்க சொன்னதை ஏத்துக்கிறேன். முதல் சில வாரம் சாக்கு ஒரு கட்டு மாதிரி. காயத்து மேல இருக்கலாம். பிரிக்கவே விடாம வருஷக்கணக்கா வெச்சிருந்தா உள்ளே புரையோடும். அதனால பையன் முதல் வாரத்துல "ஷூ வழுக்குச்சு"ன்னா மறுத்துப் பேசாதீங்க, "சரி பார்க்கலாம்"னு விடுங்க. அடுத்த மாசம் வீடியோ பார்க்கும்போது அவனே வாயைத் திறப்பான்.

தம்பி கேட்ட ரெண்டாவது கேள்விக்கு வர்றேன். டாக்டர் பார்த்துட்டார், தலைவலி போச்சு, தூக்கம் சரியாச்சுன்னு வெச்சுக்கிட்டு சொல்றேன்.

மூணாம் நாளுக்குள்ள மாஸ்டர் வீட்டுக்குப் போகணும். போன் வேண்டாம், நேர்ல. சண்டையைப் பத்திப் பேசக்கூடாது. டீ குடிச்சுட்டு வரணும், அவ்வளவுதான். தோத்தா மாஸ்டருக்கு நம்ம வேண்டாதவன்னு அந்த வயசுப் பையன் நினைப்பான், அதை உடைக்கத்தான் இந்த நடை. ரெண்டாவது வாரம் ஜிம்முக்கு வரச் சொல்லி வேலை கொடுங்க. ரவுண்டு டைமர் பார்க்கிறது, சின்னப் பசங்களுக்குக் கையில பேண்டேஜ் சுத்தி விடறது. சும்மா பெஞ்சுல உட்கார வெச்சீங்கன்னா எல்லாரும் தன்னையே பார்க்கிறாங்கன்னு தோணும், மறுநாள் வரமாட்டான்.

வீடியோ மூணு நாலு வாரம் கழிச்சு. சத்தத்தை அணைச்சுடுங்க, ஏன்னா கூட்டம் "ஓ"ன்னு கத்தறது காதுல விழுந்தா உடம்பு மறுபடி அந்த இடத்துக்கே போயிடும். விழுந்த காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டறது கொடுமை. அடிபடறதுக்கு முந்தின 15 வினாடி மட்டும் போதும். நிறுத்தி நிறுத்திக் கேளுங்க: முன்னங்கால் எங்கே இருக்கு? ஜாப் திரும்பி வர்ற வழி எது? தாடை எங்கே? நம்ம பசங்ககிட்ட பெரும்பாலும் நாலுல ஒண்ணுதான் இருக்கும். ஜாப் விட்டுட்டுக் கையை இடுப்பு வழியா கொண்டு வர்றது. அடி வாங்கினதும் நேரா பின்னால போறது, அதுவும் தாடையைத் தூக்கிக்கிட்டு. ரெண்டு பாதமும் ஒரே கோட்டுல நிக்கிறது. நல்ல அடி ஒண்ணு விட்டுட்டு அதை ரசிச்சுக்கிட்டு அங்கேயே நிக்கிறது. எது நடந்துச்சோ அதை அவன் வாயால ஒரே வாக்கியத்துல சொல்ல வைங்க. "ஜாப் தாழ்வா வந்துச்சு, அவன் ரைட் மேல வந்துச்சு." இதைச் சொல்லிட்டான்னா விழுந்தது அவன் பிறப்புக் குறை இல்லை, இடது கையோட குறைன்னு அவனுக்கே தெரிஞ்சிடும்.

பிறகு அந்த ஒரே அடிக்கு மட்டும் பேட் வேலை (மாஸ்டர் கையில பிடிக்கிற மெத்தையில குத்தறது). ரெண்டு நிமிஷ ரவுண்டு மூணு, நடுவுல ஒரு நிமிஷம். அவன் ஜாப் விடுவான், கை கன்னத்துக்குத் திரும்பணும், மாஸ்டரோட பேட் வலது கை மாதிரி மெதுவா வந்து அவன் கிளவுஸைத் தொடும். முதல் வாரம் "வருது"ன்னு சொல்லிட்டு விடுங்க. ரெண்டாவது வாரம் சொல்லாம. மூணாவது வாரம் நாலு ஜாபுக்கு ஒரு தடவை, எப்போன்னு தெரியாம. தாடை தூக்கறவனுக்கு டென்னிஸ் பந்தைத் தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவுல இடுக்கிக்கிட்டு ஷேடோ (எதிராளி இல்லாம காத்துல குத்தறது) போடச் சொல்லுங்க. பந்து விழுந்தா ரவுண்டு முதல்லேருந்து.

ஸ்பாரிங் தடைக்காலம் முழுசா முடிஞ்ச பிறகுதான். முதல்ல உடம்புக்கு மட்டும் அடி. அடுத்தது ஜாபுக்கு ஜாப் மட்டும். அதுக்கப்புறம்தான் திறந்த ஸ்பாரிங், 16 அவுன்ஸ் கிளவுஸ், ரெண்டு ரவுண்டு, வாரத்துல ரெண்டு நாளுக்கு மேல வேண்டாம். ஜோடி அவனைவிட எடை குறைஞ்சவனா, கையை அடக்கத் தெரிஞ்சவனா இருக்கணும். பழைய மாஸ்டர்கள் சிலர் "முள்ளை முள்ளாலதான் எடுக்கணும்"னு அன்னிக்கே ஜிம்மோட பலசாலிகிட்ட தூக்கிப் போடுவாங்க. எடுத்த முள்ளைவிடக் குத்தின முள்ளுதான் அதிகம்.

கண்ணை மாஸ்டர் அவன் கிளவுஸ்ல வெக்கக்கூடாது, முகத்துல வெக்கணும். அடி வரும்போது கண்ணை மூடறானா? முகத்தைப் பக்கவாட்டுல திருப்பறானா? ரெண்டு கையையும் தூக்கிக் கூட்டுக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டுப் பதில் அடி விடாம நிக்கிறானா? எட்டாத தூரத்துலேருந்து குத்தறானா? அடி பட்டதும் சிரிக்கிறானா? சிரிப்பு ரொம்ப முக்கியம், அதைத் தைரியம்னு எடுத்துக்காதீங்க. இதுல ஒண்ணு வந்தாலும் ஒரு படி கீழே இறங்கி ஒரு வாரம். இதுக்கு எதிர்ப்பக்கமும் இருக்கு. சிலபேர் நிரூபிக்கணும்னு கண்ணுமண்ணு தெரியாம பாய்வான். அவனும் பயந்தவன்தான், பயம் முன்பக்கமா ஓடுது. அவனைப் பார்த்து மாஸ்டர் சந்தோஷப்பட்டுடுவார்ங்கிறதுதான் ஆபத்து.

இடதுகைக்காரன்

அண்ணே, பத்து_எண்ணிக்கை, மருந்துப்பெட்டி, மூணு பேருக்கும் நன்றி. ஒரு துணைக்கேள்வி. ரீமேட்ச் எப்போ? பாட்டர்சன் ரெண்டு தடவையும் பத்துப் பன்னிரண்டு மாசத்துல போயிருக்கார், ஒண்ணு பலிச்சுது, ஒண்ணு பலிக்கல.

பத்து_எண்ணிக்கை

மாசக் கணக்கு பெரிசா ஒண்ணும் சொல்லாது. லூயிஸ் 2001 ஏப்ரல்ல ஹசீம் ரஹ்மான்கிட்ட விழுந்து நவம்பர்ல திருப்பி வாங்கினார், ஏழு மாசம். அந்தோனி ஜோஷுவா 2019 ஜூன்ல ஆண்டி ரூயிஸ்கிட்ட தோத்து டிசம்பர்லயே திருப்பினார். ஏறக்குறைய 10 பவுண்டு குறைச்சுக்கிட்டு வந்து, பன்னிரண்டு ரவுண்டும் தூரத்துல நின்னு ஜாப் மட்டும். கேட்க வேண்டியது ஒண்ணுதான்: போன தடவை செய்யாத எதை இந்தத் தடவை செய்யப் போறோம்? பாட்டர்சன்கிட்ட 1963-ல அதுக்குப் பதில் இல்லை. ஒப்பந்தத்துல ரீமேட்ச் இருந்தது, மானம் இருந்தது, அதனால போனார்.

ஆனா ஒரு நியாயத்தைச் சொல்லணும். லிஸ்டனோட பாட்டர்சன் முடிஞ்சுட்டார்னு எழுதறது தப்பு. 1965 பிப்ரவரியில ஜார்ஜ் சுவாலோவை மேடிசன் ஸ்கொயர் கார்டன்ல பன்னிரண்டு ரவுண்டு அடிச்சு ஜெயிச்சார், அருமையான சண்டை. 1966-ல லண்டன்ல ஹென்றி கூப்பரை நாலாவது ரவுண்டுல நாக்அவுட். 1972 வரைக்கும் ஆடினார். பட்டம் திரும்ப வரல, ஆள் திரும்ப வந்தார்.

நசீம் ஹமீதைப் பாருங்க. 2001 ஏப்ரல்ல பரேராகிட்ட தோத்தது நாக்அவுட்கூட இல்லை, புள்ளிதான். ஆனா ரிங்குக்குள்ள குட்டிக்கரணம் அடிச்சு வர்ற மனுஷனைப் பன்னிரண்டு ரவுண்டு பாடம் நடத்தி, கடைசியில தலையைப் பிடிச்சு கார்னர் மெத்தையில மோதினார் பரேரா. அதுக்கு ஒரு புள்ளி வெட்டினாங்க, யாருக்கு வேணும் அந்தப் புள்ளி? ஹமீத் அதுக்கப்புறம் ஆடினது ஒரே ஒரு சண்டை. தாடை உடையாமலேயும் ஆள் முடிஞ்சு போகலாம்.

மருந்துப்பெட்டி

பத்து_எண்ணிக்கை சொன்ன "1972 வரைக்கும் ஆடினார்" என்பதன் விலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாட்டர்சன் பிற்காலத்தில் நியூயார்க் மாநில விளையாட்டு ஆணையத்தின் தலைவராக இருந்தார். 1998-இல் ஒரு வழக்குக்காக வாக்குமூலம் கொடுத்தபோது, தான் யாரை வென்று பட்டம் வாங்கினோம் என்பதே அவருக்கு நினைவுக்கு வரவில்லை. 1956-இல் ஆர்ச்சி மூரை வென்று, 21 வயதில் அதுவரை உலகின் மிக இளைய ஹெவிவெயிட் சாம்பியன் ஆனவர் அவர். பதவி விலகினார். 2006-இல் இறந்தபோது அல்சைமர் இருந்தது. குத்துச்சண்டைக்காரர்களின் இந்தச் சிதைவை மருத்துவ இதழில் மருத்துவர் மார்ட்லாண்ட் எழுதியது 1928-லேயே. வயதான வீரரின் சோர்வும் கோபமும் பழைய தோல்வியை நினைத்துத்தான் என்று குடும்பம் நம்பிக்கொண்டிருக்கும், திசு அழிந்துகொண்டிருக்கும்.

இளையவர் விஷயத்துக்கு. இரண்டு வாரம் தாண்டியும் முகம் தெளியவில்லை என்றால் பி.எச்.க்யூ-9 என்ற ஒன்பது கேள்விப் படிவம் இருக்கிறது, தமிழிலும் கிடைக்கிறது. மொத்தம் 27 புள்ளி. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மனநல மருத்துவரிடம் அனுப்புங்கள். மொத்தம் எவ்வளவு இருந்தாலும் ஒன்பதாவது கேள்வியைத் தனியாகப் பாருங்கள். சாக வேண்டும், தன்னைக் காயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் பற்றியது அது. அங்கே சுழி இல்லை என்றால் அன்றைக்கே பேச வேண்டும், நேராகக் கேட்க வேண்டும். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. இந்தியாவில் டெலி மானஸ் எண் 14416, இலவசம், தமிழில் பேசலாம். இலங்கையில் 1926. கெட்ட கனவு, அடி வந்த கோணத்தில் யாராவது கையைத் தூக்கினாலே திடுக்கிடுவது, ஜிம் இருக்கும் தெருவையே தவிர்ப்பது - இவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் அதையும் மருத்துவரிடம் குறிப்பிடுங்கள். அதற்கென்று தனிச் சிகிச்சை உண்டு.

ரிக்கி ஹாட்டன் 2009-இல் மேனி பாக்கியாவோவிடம் இரண்டாவது ரவுண்டில் விழுந்த பிறகு மூன்றரை ஆண்டு ஆடவில்லை. மனச்சோர்வு, குடி, தற்கொலை எண்ணம் எல்லாவற்றையும் அவரே வெளிப்படையாகப் பேசினார். சண்டை இல்லாத நாட்களில் தினசரி ஒழுங்கு முழுவதும் ஒரேயடியாகப் போய்விடுவதுதான் பலரைக் கவிழ்க்கிறது. அதனால் ஸ்டூல் அண்ணன் சொன்ன டைமர் வேலை சின்ன விஷயம் இல்லை. காலை 5.30-க்கு எழ ஒரு காரணம் வேண்டும்.

இன்னொன்று, வாட்ஸ்அப். விழுந்த காட்சியை ஜிம் குழுவில் போடுவது, அதில் சிரிப்பு முகம் வைப்பது. மாஸ்டர் முதல் நாளே அதை நீக்கச் சொல்ல வேண்டும். பாட்டர்சனாவது ஒட்டுத்தாடி வைத்துக்கொண்டு தப்பிக்க முடிந்தது.

இடதுகைக்காரன்

கடைசியா ஒண்ணு மட்டும். திரும்பி வர்ற முதல் சண்டைக்கு எதிராளியை எப்படித் தேர்ந்தெடுக்கணும்?

ஸ்டூலும்_வாளியும்

எந்த அடியில விழுந்தானோ அந்த அடி பிரதான ஆயுதமா இல்லாதவன். மூணு ரவுண்டும் மூச்சு வாங்காம வேலை வாங்கறவன், ஆனா கையில கனம் இல்லாதவன். ரொம்ப லேசான ஆளைப் போட்டீங்கன்னா ஜெயிச்ச பிறகும் பையனுக்குத் தெரியும், நமக்காகப் பார்த்துப் போட்டாங்கன்னு. அது இன்னொரு தோல்வி. சொந்த ஊர்ல வேண்டாம், பஸ்ல நாலு மணி நேரம் தள்ளி ஏதாவது ஒரு சின்ன மீட். முதல் ரவுண்டு முடிஞ்சு ஸ்டூல்ல உட்கார்ந்ததும் பாராட்டாதீங்க, திட்டாதீங்க. தண்ணி கொடுத்துட்டு ஒரே ஒரு விஷயம் சொல்லுங்க: "ஜாப் கை மேல வருது, அப்படியே வை."